விபத்தில்லா நாள் 1503

அதுல உக்காராதீங்க, கால் ஆடுது. இதுல உக்காருங்க. வந்த அன்னைக்கே கவுண்டர்ல சொல்லிட்டேனுங்க, அந்தச் சேரை எடுத்து அக்கட்டால போடுங்க, வயசானவங்க யாராச்சும் விழுந்து வெச்சா என்ன பண்ணுவீங்கன்னு. கேக்கணுமே. பத்து நாளா அப்படியே கெடக்குது. அந்த வராண்டாவையும் பாருங்க, ஈரத்துணி போட்டுத் துடைச்சுட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. தரை ஈரம்னு ஒரு போர்டு வெக்கறதுக்கு என்ன கேடு?

உங்களுக்கு உள்ளே யாருங்க? மாமியாரா? கண்புரைதானுங்க? அட, அது அரை மணி நேரத்துச் சோலி. சாயங்காலம் டீவி பாப்பாங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.

எனக்கு ஒறம்பரை இல்லைங்க, சிநேகிதர். நாச்சிமுத்துன்னு பேரு. கவர்மெண்ட் பஸ்ல முப்பத்திரண்டு வருஷம் டிரைவர். பொள்ளாச்சி ரோட்டுல அத்தனை வருஷம் ஓட்டி ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட ஏத்தாத மனுசன். வலது கண்ணு போயிருச்சுங்க. எடுத்தாச்சு. இப்ப இடது கண்ணுக்குத்தான் மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அதுக்கும் ஒரு முடிவு சொல்லிடுவேன்னு டாக்டர் அம்மிணி சொல்லியிருக்குது.

உங்ககிட்டப் பேனா இருக்குதுங்களா? நல்லதாப் போச்சு. வெச்சிருங்க, அப்பறம் சொல்றேன். ஒரு சின்ன உதவிதான், ஒரே ஒரு கையெழுத்து.

என்ற பேரு ஆறுச்சாமி. மோட்டார் கம்பெனில இருபத்தெட்டு வருஷம் சேஃப்டி ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவன். ரிட்டையர் ஆனதுக்கப்பறம் ஊட்டுல உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும்னு மரக்கடைசல் மன்றத்துல சேந்தேனுங்க. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மரக்கட்டையை லேத்துல மாட்டிச் சுத்த விட்டு, உளியைக் குடுத்துக் கடைஞ்சு கிண்ணம், பம்பரம், பூரிக்கட்டை, விளக்குத்தண்டுன்னு பண்றது. வித்துப் பொழைக்கறதுக்கில்லைங்க, ஆசைக்கு. ஒரு மூடிப்போன பம்ப் கம்பெனி ஷெட்டு, நாலு லேத்து, பதினோரு மெம்பர். ஞாயித்துக்கிழமை வெடியால ஒம்பது மணிக்குக் கூடுவோம். ரோடு அகலம் பண்றாங்கன்னு வெட்டிப் போடற மரத்தையெல்லாம் லாரிக்காரங்ககிட்டச் சொல்லி வெச்சு வாங்கிட்டு வந்துருவோம். தலைவர் ஒரு பல் டாக்டரம்மா, சுலோசனான்னு. தங்கமான மனுசி, ஆனா வாய் ஜாஸ்தி.

நான் சேரும்போது அங்க என்ன கோலத்துல இருந்தாங்கங்கறீங்க! ஒருத்தர் வேட்டி கட்டிக்கிட்டு லேத்து முன்னால நிக்கறாரு. ஒருத்தர் தோள்ல துண்டு. சுத்தற மரத்துல துண்டு மாட்டுச்சுன்னா கழுத்தோட இழுத்துட்டுப் போயிருமுங்க. டாக்டரம்மா துப்பட்டா! அன்னைக்கே சொன்னேன், இப்படியே போனா ஒரு சாவு விழும், பாதுகாப்பை என்ற கையில குடுங்கன்னு. குடுத்தாங்க. நாலு வருஷம் குடுத்தாங்க.

முதல் வேலையா ஒரு போர்டு செஞ்சேன். கம்பெனி வாசல்ல பாத்திருப்பீங்களே, அந்த மாதிரி. பச்சைக் கலர். மேல வெள்ளை எழுத்துல ‘விபத்தில்லா நாட்கள்’. கீழ நாலு ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர் தகடு. தெனமும் வெடியால நடைப்பயிற்சிக்குப் போறப்ப ஷெட்டைத் திறந்து நம்பரை மாத்திட்டுத்தான் போவேன். மழை பேஞ்சாலும் சரி, ஊட்டுல கண்ணாலமானாலும் சரி, ஒரு நாள் தவறுனதில்லை. என்ற சம்சாரம் சிரிப்பா. சாமி கும்பிடறதுக்கு முந்தி உங்களுக்கு அந்தப் போர்டுதான்னு.

ரெண்டாவது, உறுதிமொழி. ஒம்பது மணிக்கு எல்லாரும் போர்டு முன்னால நின்னு கையை நீட்டி நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். மோதிரம் போட மாட்டேன், தொங்கற துணி போட மாட்டேன், தட்டிப் பாக்காம மரத்தை மாட்ட மாட்டேன், முகக் கவசம் இல்லாம உளியைத் தொட மாட்டேன். மொத்தம் பன்னெண்டு. அது சொல்லி முடிச்சாத்தான் மன்றம் கூடுனதாக் கணக்கு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க. இதுலதான் எல்லாமே இருக்குது.

தட்டிப் பாக்கறதுன்னா, தேங்காயைத் தட்டிப் பாத்து வாங்கறமல்ல, அதேதான். மரத்தை விரல் முட்டியால தட்டுனா நல்ல மரம் கணீர்னு சொல்லும். உள்ள வெடிப்பிருந்தா சத்தம் மொண்ணையா வரும். நாச்சிமுத்தண்ணனுக்கு அந்தக் காது உண்டு. பஸ் இஞ்சின் கேட்டுக் கேட்டுப் பழகுன காதுங்க. தப்பவே தப்பாது.

விபத்தே நடக்கலையான்னா... சின்னச் சின்னது நடக்கத்தான் செய்யும். டாக்டரம்மாவுக்கு ஒருக்கா உளி பட்டு உள்ளங்கை கிழிஞ்சு நாலு தையல். அவங்களே அவங்க கிளினிக்குல போட்டுக்கிட்டாங்க. ரத்தம் வந்தது கேட்டுக்கு வெளியில, கார்ல ஏறுறப்பன்னு எழுதிட்டேன். வெளிய நடந்தா மன்றத்துக் கணக்குல வராது. நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? எல்லாக் கம்பெனிலயும் இதேதானுங்க. எங்க கம்பெனில மயில்சாமின்னு ஒருத்தன், பிரஸ்ல ரெண்டு விரல் போச்சு. மறுநாளே காரை அனுப்பி அவனைக் கூட்டிட்டு வந்து, கைக்கட்டோட என்ற ரூம்ல உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, வருகைப் பதிவுல கையெழுத்து வாங்கிட்டேன். இடது கையில போட்டான் பாவம். வேலைக்கு வந்துட்டா அது விபத்துல சேராது, அதான் சட்டம். அந்த வருஷம் எங்க யூனிட்டுக்கு ஷீல்டு குடுத்தாங்க. எனக்குச் சுவர்க் கடியாரம் குடுத்தாங்க. இன்னும் ஓடிட்டு இருக்குது.

சரி, விசயத்துக்கு வாரேன்.

போன ஞாயித்துக்கிழமை எங்க போர்டுல ஆயிரத்தி ஐநூறு வர்ற நாள். ஆயிரத்தி ஐநூறுங்க! மரம் கடையற எடத்துல அது சாமானியமா? விழா எடுக்கணும்னு நான்தான் சொன்னேன். ரிட்டையர் ஆன ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஒருத்தரைச் சிறப்பு விருந்தினரா வரச் சொல்லிப் பத்திரிகை அடிச்சாச்சு. முகக் கவசம் பழசெல்லாம் கீறல் விழுந்து மங்கிப் போயிருந்துச்சு, அந்த மனுசன் பாத்தா மானம் போயிரும்னு ஆறு புதுசு வாங்கி, பழசை எடைக்குப் போட்டுட்டேன். புதுசுக்கு மேல ஒரு மெல்லிசு பேப்பர் ஒட்டியிருக்குமே, அதைக்கூட உரிக்கலை. அப்படியே பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியை என்ற இடுப்புல போட்டுக்கிட்டேன். விழா அன்னைக்கு அவரு கண்ணு முன்னாலதான் உரிக்கணும்னு.

அப்ப நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வருதல்லங்க. ஆயிரத்தி நானூத்தித் தொண்ணூத்தி மூணாவது நாள்.

அன்னைக்கு நாங்க மூணு பேர் முன்னாடியே போயிட்டோம், எட்டு மணிக்கெல்லாம். நான், நாச்சிமுத்தண்ணன், அருளானந்தம். அருளானந்தம் ஃபவுண்டரில மரத்துல அச்சு செஞ்சுட்டு இருந்தவர். நாள் முழுக்க நாலு வார்த்தை பேச மாட்டார். சிறப்பு விருந்தினருக்குக் குடுக்கறதுக்கு ஒரு பெரிய கிண்ணம் கடையணும். இத்தனை அகலம். அந்த வேலையை நாச்சிமுத்தண்ணன்கிட்ட நான்தான் குடுத்தேன். அவரை விட்டா அவ்வளவு பெரிசை எடுக்க எங்ககிட்ட ஆளில்லை. தூங்குமூஞ்சி மரம், நல்ல வரி ஓடுன கட்டை.

அண்ணன் தட்டிப் பாத்தாரு. ஆறுச்சாமி, சத்தம் மொண்ணையா இருக்குதேன்னாரு. நானும் தட்டுனேன். கொஞ்சம் மொண்ணைதான். ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அட, பசையை விட்டு மரத்தூளை வெச்சு அடைச்சுட்டா ஒண்ணுமாகாதுங்கண்ணா, வேற கட்டைக்கு இனி எங்க போறது, ஒரு வாரந்தானே இருக்குதுன்னு நானே பசை ஊத்திக் குடுத்தேன். அப்பறம் அவரு கவசம் கேட்டாரு. ஏனுங்க ஆறுச்சாமி, புதுசுல ஒண்ணு குடுங்களேன்னு. அண்ணா, அடுத்த வாரம் உரிக்கறதை இப்ப உரிச்சா தூசி புடிச்சுக்கும், நீங்கதான் கண்ணாடி போட்டிருக்கீங்களே, இன்னைக்கு ஒரு நாளைக்கு அது போதும்னேன். சரிங்கன்னாரு. எதுக்குமே அந்த மனுசன் மறுத்துப் பேச மாட்டாருங்க. அதான் அவருகிட்ட எனக்குப் புடிச்சதே.

நேரம் எட்டே முக்கால். இன்னும் உறுதிமொழி எடுக்கலை. கவனிச்சீங்களா? உறுதிமொழி எடுக்கலை.

அந்தச் சத்தம் இருக்குது பாருங்க... டயர் வெடிச்ச மாதிரி ஒண்ணு. நான் பீரோகிட்ட நின்னு பத்திரிகையில பேர் எழுதிட்டு இருந்தேன். திரும்பிப் பாக்கறேன், கிண்ணம் பாதி இல்லை. அண்ணன் நின்னுட்டுத்தான் இருக்காரு. அப்படியே நிக்கறாரு. ஒரு கையால தடவித் தடவி லேத்து சுவிட்சை அமத்தறாரு. அமத்திட்டுத்தானுங்க உக்காந்தாரு. அந்த நெலைமையிலயும் மிஷினை நிறுத்தணும்னு தோணிச்சு பாருங்க, அதான் டிரைவர். எனக்கு அழுகை வந்துருச்சு. இப்பச் சொல்றப்பவும் வருது.

கண்ணாடி உடைஞ்சு வலது கண்ணுக்குள்ள போயிருச்சு. முகம் பூரா ரத்தமும் மரத்தூளுமா. அருளானந்தம் ஆம்புலன்சு ஆம்புலன்சுன்னு கத்தறாரு. அன்னைக்குத்தான் அந்த ஆளு குரலையே நான் முழுசாக் கேட்டேன். ஆம்புலன்ஸ் வந்தா என்ன எழுதுவான்? மரப்பட்டறை விபத்துன்னு எழுதுவான். போலீசு வரும். போர்டு? அடுத்த ஞாயித்துக்கிழமை விழா? நான் கம்முனு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சேன். இருபத்தெட்டு வருஷ அனுபவமுங்க, நெருக்கடில பதட்டப்படக் கூடாது. இருங்க, என்ற கார்லயே போயிரலாம்னேன். அண்ணனைக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய் மெதுவா முகத்தைக் கழுவி விட்டேன். சட்டையிலயும் தலையிலயும் இருந்த தூளையெல்லாம் ஒண்ணு விடாமத் தட்டி விட்டேன். பைக்குள்ள ஒரு சட்டை வெச்சிருந்தாரு, அதையே மாத்தி விட்டேன். ஒரு தாய் மாதிரி செஞ்சேனுங்க, பொய் சொல்லலை.

கார்ல வர்றப்பச் சொன்னேன். அண்ணா, ஆஸ்பத்திரில கேட்டா மன்றத்து பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வாஷ்பேசின்ல முகம் அடிச்சுருச்சுன்னு சொல்லுங்க. பாத்ரூம் பட்டறைக் கணக்குல வராது. நாலு வருஷத்து உழைப்புங்கண்ணா, எல்லாரோட உழைப்பும்னேன். துண்டை முகத்துல அமுக்கிப் புடிச்சுட்டு இருந்தாரு. சரிங்க ஆறுச்சாமின்னாரு. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னைக்கு வரைக்கும் மாத்திச் சொல்லலையே! கட்டுன பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலை. தங்கமணியக்கா இன்னும் பாத்ரூம்னுதான் நெனைச்சுட்டு இருக்கறாங்க. அங்க டைல்ஸ் போட்டவனைத் தெனமும் திட்டறாங்க.

என்னுங்க? இடது கண்ணா? அதுல அடியே படலைங்க. அதான் கொடுமை. மொத நாள் லேசாச் செவந்திருந்துச்சு, அவ்வளவுதான். நாலாவது நாள் கருவிழில வெள்ளையா ஒரு புள்ளி. கடுகளவு. மறுநாள் மிளகளவு. இப்பப் பாதி கண்ணு வெள்ளையாயிருச்சு. ராத்திரி பகல் வலின்னு துடிக்கறாரு. சுரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க, முழு ரிப்போர்ட் வர நாளாகுமாம். அதுக்குள்ள இந்த மருந்து அந்த மருந்துன்னு மாத்தி மாத்தி ஊத்திப் பாக்கறாங்க. ஒண்ணுக்கும் கேக்கலை.

இந்த டாக்டர் அம்மிணி இருக்குதே, சின்ன வயசு, கெட்டிக்காரிதான், ஆனா தொணதொணன்னு கேள்வி. வந்த அன்னைக்கே கேட்டுது, கண்ணுல மரம், செடி, முள்ளு, வைக்கோல் ஏதாச்சும் பட்டுச்சான்னு. இல்லைங்கன்னு நான்தான் சொன்னேன். வெள்ளைப் புள்ளி வந்ததுக்கப்பறம் மறுக்காக் கேட்டுது. நேத்து மூணாந்தரம் கேட்டுது, அண்ணன் கையைப் புடிச்சுக்கிட்டு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா, ஒரு சிராய்கூட உள்ள போயிருக்கலாம், மரத்துல இருந்து பூஞ்சை வந்திருந்தா அதுக்கு மருந்தே வேற, இப்பக் குடுக்கறது அதை வளத்தி விட்டுருமுன்னு. அண்ணன் என்ற பக்கம் முகத்தைத் திருப்புனாரு. கட்டுப் போட்டிருக்குது, இந்தக் கண்ணும் தெரியலை, இருந்தாலும் நான் எங்க நிக்கறேன்னு தெரிஞ்சு திருப்புனாரு. நான் அவரு போர்வையை இழுத்து விட்டேன். பாத்ரூம்ல விழுந்ததுதாங்கம்மான்னாரு.

மனுசன்னா அவரு மனுசன்.

இன்ஸ்பெக்டருங்க கேக்கற கேள்வி எனக்கு நல்லாத் தெரியுமுங்க. ஒரு கேள்விக்கு ஆமான்னு சொன்னா அடுத்தது ஒம்பது வரும். இவங்க படிச்சவங்கதானே? மிஷின் வெச்சிருக்காங்க, கோடிக் கணக்குல. கண்ணுல என்ன இருக்குதுன்னு இவங்களே பாத்துக் கண்டுபுடிக்கட்டுமே. அதை விட்டுப்போட்டு நோயாளிகிட்டக் கேட்டா?

விழா நல்லா நடந்துச்சுங்க. ஆயிரத்தி ஐநூறுக்கு மாலை போட்டோம். சிறப்பு விருந்தினருக்குக் கிண்ணத்துக்குப் பதிலா ஒரு விளக்கு குடுத்தோம். கவசத்துல பேப்பரை உரிச்சு அவரு கையாலயே டாக்டரம்மாவுக்குப் போட்டு விட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. அண்ணனுக்காக ஒரு நிமிஷம் பிரார்த்தனைகூட வெச்சேன், சீக்கிரம் கொணமாகணும்னு. அருளானந்தம் மட்டும் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

அந்த ஆளுதான் இப்பப் பிரச்னை. முந்தாநேத்து இங்க வந்தாரு, நாச்சிமுத்துவப் பாக்கணும், டாக்டரைப் பாக்கணும்னு. நோயாளி களைச்சுப் போயிருக்காரு, டாக்டர் ஆரையும் விட வேண்டாம்னு சொல்லியிருக்குதுன்னு வாசல்லயே தாட்டி விட்டுட்டேன். நல்ல வேளை, நான் இருந்தேன். போர்டுல நம்பர் மாத்தப் போற நேரம் தவிர ராத்திரி பகலா இங்கயேதானுங்க இருக்கறேன். அவரு பசங்க ரெண்டும் வெளிநாடு. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. இட்லி வாங்கிட்டு வந்து ஊட்டி விடறது, பாத்ரூம் கூட்டிட்டுப் போறது எல்லாம் நான். அக்கா அழுவறாங்க, தம்பி, கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்னு.

திரும்பிப் போன ஆளு கம்முனு இருக்கலாமல்ல? எங்க தலைவர், அந்தப் பல் டாக்டரம்மாவுக்கு என்னமோ சொல்லிட்டாரு போல. நேத்து மன்றத்து வாட்சப்புல அவங்க போட்டிருக்காங்க, புதன் சாயங்காலம், அதான் இன்னைக்கு, அஞ்சு மணிக்கு அவசரக் கூட்டம். பொருள்: ஆயிரத்தி நானூத்தித் தொண்ணூத்தி மூணாவது நாள். வேற ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் போன் பண்ணிக் கேக்கலாமல்ல? நாலு வருஷம் வெடியால வெடியால போய் நம்பர் மாத்துனவன் நான். ஒரு நாயம் வேண்டாமுங்களா? இன்னைக்கு வெடியாலகூட ஆயிரத்தி ஐநூத்தி மூணு போட்டுட்டுத்தான் வந்தேன். அஞ்சு மணிக்கு அதைக் கழட்டிச் சைபர் போட்டுருவாங்க. சைபருங்க! அண்ணனோட தியாகம் என்னத்துக்காச்சு?

அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. படிச்சுப் பாருங்க. நான்தான் எழுதுனேன், அண்ணன் சொல்ற மாதிரி. ‘அன்று காலை எட்டே முக்கால் மணிக்கு, மன்றம் கூடுவதற்கு முன்பாக, குளியலறையில் கால் வழுக்கி விழுந்ததில் எனக்குக் காயம் ஏற்பட்டது. கடைசல் பட்டறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.’ அவ்வளவுதான். அவருக்குத்தான் கண்ணு தெரியாதே, நான் படிச்சுக் காட்டிட்டு விரலைப் புடிச்சுச் சரியான எடத்துல வெச்சா கையெழுத்துப் போட்டுருவாரு. ஆனா கண்ணு தெரியாதவருகிட்ட வாங்குனதுன்னு பேச்சு வரும். படிச்சுக் காட்டும்போது கூட இருந்தேன்னு வெளியாள் ஒருத்தர் சாட்சி போட்டுட்டா யாரும் வாய் தொறக்க முடியாது. உங்களைப் பாத்தா படிச்சவர் மாதிரித் தெரியறீங்க. அக்கா மருந்துக் கடைக்குப் போயிருக்காங்க, வர்றதுக்குள்ள முடிச்சுட்டா நல்லது. ரூம் நம்பர் ஏழு, அதோ அந்த மூலை.

ஏனுங்க, பேனாவை மூடிட்டீங்க?

அட, நீங்களும் அந்த அம்மிணி மாதிரியே கேக்கறீங்களே. சொல்லலைங்க. மரம்னு நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் மொத மொதச் சொல்றேன். பத்து நாளா நெஞ்சுல கெடந்துச்சு, சோறு எறங்கலை, யாருகிட்டயாச்சும் சொன்னாத் தேவலைன்னு இருந்துச்சு. நீங்க யாரோ, நான் யாரோ. நாளைக்கு உங்க மாமியாரைக் கூட்டிட்டு நீங்க ஊருக்குப் போயிருவீங்க.

மருந்து வேறயாமா? அதான் சொன்னேனே, அந்த அம்மிணி சொல்லுச்சுன்னு. இன்னைக்குள்ள தெரிஞ்சாத்தானா? சாயங்காலம்தானுங்க முடிவு சொல்லப் போறாங்க, இப்ப மணி என்ன, மூணேகால்தானே. கூட்டம் அஞ்சு மணிக்கு. கூட்டம் முடிஞ்சு நானே வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். நெசமாத்தான். கூட்டம் மட்டும் முடிஞ்சுரட்டும். ரெண்டு மணி நேரத்துல ஒரு கண்ணு என்ன ஆயிரப் போகுது?

எங்கீங்க எந்திரிச்சுட்டீங்க? மாமியாரைக் கூப்பிட்டாங்களா? கூப்பிடலையே. கடுதாசியைக் குடுத்துட்டுப் போங்க. அட, கடுதாசியைக் குடுங்க. அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க, ஏழாம் நம்பர் இந்தப் பக்கமுங்க, அது டாக்டர் ரூமு. உள்ள அந்த அம்மிணி இருக்குது. ஏனுங்க. ஏனுங்க, நில்லுங்க. சிநேகிதமா நெனைச்சுச் சொன்னேனுங்க உங்ககிட்ட. நாலு வருஷமுங்க, ஒரு நாள் தவறலை...

ஓடாதீங்க. தரை ஈரமா இருக்குது, விழுந்து வெக்காதீங்க. ஓடாதீங்கன்னு சொல்றேனல்ல!